கோடு போட்டுத் தந்தவருக்கு

அன்புள்ள ஹன்னெகா பூன் அம்மாவுக்கு,

நீங்கள் தமிழ் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். கார்ன்வாலில் டெவரன் கழிமுகத்தை ஒட்டி இருக்கும் உங்கள் படகு வரைவுக்கூடம், நான் குடியிருக்கும் பிளிமத்துக்கு ரொம்பத் தூரமில்லை. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஒரு சனிக்கிழமை நேரிலேயே வந்து கைகூப்பியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு வரும் நன்றிக் கடிதங்களுக்கு ஒன்றும் பஞ்சம் இருக்காது. உங்களைத் தெரியாத இடத்தில் உங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதுதான் என்னால் முடிந்த கைம்மாறு. மடல் உங்களுக்கு, படிக்க வேண்டியவர்கள் என் ஊர்க்காரர்கள்.

அவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். உங்கள் வரைபடத்தைப் பார்த்து வீட்டுக் கராஜில் நான் கட்டியது கேட்டமரான். நம் மீனவர்கள் நாலைந்து மரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவார்களே, அது இல்லை. ஒல்லியான இரண்டு உடல்களை இடைவெளி விட்டு நிறுத்தி, குறுக்கே உத்தரங்கள் போட்டுப் பிணைத்த பாய்மரப் படகு. கடலுக்குப் போகும் ஒற்றை உடல் பாய்ப்படகு சாயாமல் நிற்கப் பெரும்பாலும் அடியில் ஈயமோ இரும்போ பாரமாக வேண்டும். இதற்கு அது தேவையில்லை. இரண்டு உடல்களுக்கும் நடுவில் இருக்கும் அகலமே தாங்கிப் பிடிக்கும். பாரம் இல்லாததால் கனம் குறைவு, கனம் குறைந்ததால் வேகம். முழங்கால் ஆழத் தண்ணீர் போதும், மணல் வரைக்கும் ஏறி வந்துவிடும். நான் கட்டிய வகைக்கு டீக்கி 21 என்று பெயர். நீளம் சுமார் 6.5 மீட்டர், அகலம் 3.7 மீட்டர். உடல் முழுக்க 6 மில்லிமீட்டர் பிளைவுட்.

இந்த வகைப் படகுகளின் பேச்சு வந்தால் ஜேம்ஸ் வார்ரம் பெயர்தான் முதலில் வரும். வரட்டும், அவர் அதற்குத் தகுதியானவர். 1928-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். 1947-ல் தோர் ஹெயர்டால் தென்னமெரிக்காவிலிருந்து கோன்-டிக்கித் தெப்பத்தில் மிதந்து பாலினீசியாவை அடைந்து, அந்தத் தீவு மக்களின் முன்னோரும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று வாதாடினார். வார்ரமுக்கு அது பொறுக்கவில்லை. காற்று தள்ளிய பக்கம் மிதந்து வந்தவர்களா அவர்கள்? நினைத்த திசைக்குப் பாய் விரித்துப் போகும் இரட்டைப் படகு கட்டத் தெரிந்தவர்கள் ஆயிற்றே! அதை நிரூபிக்க 1954-ல் ஏழு மீட்டர் சொச்ச நீளத்தில் ‘டங்கரோவா’ என்ற படகைத் தானே கட்டினார். 1955-ல் ரூத், ஜுட்டா என்ற இரண்டு ஜெர்மானியப் பெண்களோடு பால்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் சேர்ந்தார். அங்கேயே 40 அடியில் ‘ரோங்கோ’வைக் கட்டினார்கள், பிரெஞ்சுக் கடலோடி பெர்னார் முவாத்தெசியே கூடமாட நின்று உதவினார். 1959-ல் ரோங்கோ வட அட்லாண்டிக்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தது. கேட்டமரான் ஒன்று அப்படிக் கடந்தது அதுவே முதல் தடவை. இரட்டைப் படகு கடலுக்கு ஆகாது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த நிபுணர்கள் அதன்பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் என் கராஜ் சுவரில் ஒட்டியிருந்தது புத்தகம் இல்லை, உங்கள் வரைபடத் தாள்கள். 1970-களில் வார்ரமோடு சேர்ந்து, அவருக்கு இணையான வடிவமைப்பாளராக இருந்து, ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொரு மூட்டையும் கையால் வரைந்தவர் நீங்கள். உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படகுத் திட்டங்கள் விற்றிருக்கின்றன. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் படகுத் தச்சர்கள் இல்லை. ஆசிரியர்கள், ஓட்டுநர்கள், செவிலியர்கள், என்னைப்போலக் கணக்கு எழுதுகிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் வரைந்திருக்கிறீர்கள் என்பது முதல் தாளிலேயே தெரிந்துவிடுகிறது.

நான் கரூர்க்காரன். அமராவதியில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர். கடலோடு எனக்கு எந்தப் பூர்வ உறவும் கிடையாது. அதைவிட முக்கியம், சுத்தியலோடும் கிடையாது. ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் ஆள் கூப்பிடுகிற வீடு எங்களுடையது. மரவேலைக்கு ஆசாரி, சுவருக்குக் கொத்தனார், குழாய்க்குப் பிளம்பர். ‘படிக்கிற பையன் அதெல்லாம் தொடாதே’ என்பது வீட்டில் சட்டம். கை வேலை கேவலம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது வேறு ஆட்களுடையது என்ற ஒரு கோடு மட்டும் அழியாமல் இருந்தது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே எனக்கு நரை வந்துவிட்டது. என்னை அந்தப் பக்கம் கைபிடித்துக் கூட்டிப்போனவை உங்கள் கோடுகள்.

ஒரு கோட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இதைப் படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும்.

படகின் பக்கப் பலகைக்கு நேர்கோடே கிடையாது. எல்லாம் வளைவு. எட்டடிக்கு நாலடி பிளைவுட் தாள்களை முனையோடு முனை ஒட்டி நீளமாக்கி, அதன்மேல் அந்த வளைவைக் கொண்டுவர வேண்டும். உங்கள் தாளில் இருப்பது எண்கள்: ஓரத்திலிருந்து இத்தனை தூரத்தில், இத்தனை உயரம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்ன ஆணி. ஆணிகளை ஒட்டி, நன்றாக வளையக்கூடிய ஒரு நீளச் சட்டத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிறகு மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சட்டத்தின் முனையிலிருந்து நெடுகப் பார்க்க வேண்டும். எங்கேயாவது லேசாக மேடு தட்டினால் அந்த ஆணி ஒரு மயிரிழை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். எண் சரியா, கண் சரியா என்று வந்தால் கண் சொல்வதைக் கேள் என்பதுதான் அங்கே விதி. வாழ்நாள் முழுக்க எண்களை நம்பியே சம்பளம் வாங்கியவன் நான். என் கண்ணுக்கு இப்படி ஒரு அதிகாரம் உண்டு என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சட்டத்தை ஒட்டிப் பென்சிலை இழுத்தேன். ஒரே இழுப்பில் அணியத்திலிருந்து பின்முனை வரைக்கும் ஒரு படகின் ஓரம் தரையில் கிடந்தது.

அடுத்தது தையல். மரத்தைத் தைப்பதா என்று என் மனைவி கேட்டாள். தைப்பதேதான். ஜிக்சாவில் அறுத்த இரண்டு பக்கப் பலகைகளின் அடி ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, செப்புக் கம்பியைக் கோத்து, குறடால் முறுக்க வேண்டும். அதுவரை தட்டையாகக் கிடந்த பலகைகளை மேல்பக்கம் விரித்து, நடுவே குறுக்குத் தடுப்புகளை இறக்கினால், அந்த இடத்திலேயே கூர்மையான அடியோடு ஒரு படகு எழுந்து நிற்கும். இங்கிலாந்தில் இந்த முறையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது 1960-களின் தொடக்கத்தில் வந்த மிரர் என்ற சின்னஞ்சிறு படகு. அதில் 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. அதே முறையைக் கடல் தாண்டும் படகுக்கும் ஏற்றபடி நீங்களும் வார்ரமும் டீக்கி வரிசையில் கொண்டுவந்தீர்கள்.

கம்பி தற்காலிகம்தான். படகைக் காலத்துக்கும் பிடித்துவைப்பது உள்மூலைகளில் பூசும் எபாக்சி. பிசினும் கெட்டிப்படுத்தும் திரவமும் சொன்ன விகிதத்தில் கலந்து, அதில் நிரப்புப்பொடி போட்டுக் கிளற வேண்டும். தேங்காய்த் துவையல் பதம்: கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது. மூலையில் அப்பி, முனை உருண்ட ஒரு குச்சியால் ஒரே சீராக இழுத்து வழித்தால் அழகான உட்குழிவு கிடைக்கும். அதன்மேல் பைபர் துணிப் பட்டை. இறுகியபிறகு அந்த மூலையில் சுத்தியலால் அடித்தால் பக்கத்துப் பலகை உடையுமே தவிர மூலை விடாது.

இதற்குக் குளிர் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண எபாக்சி இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். எங்கள் டெவன் பகுதிக் குளிர்காலத்தில் பாதி நாள் அந்தக் கதைதான். கராஜ் வேறு படகைவிடக் குட்டை. கதவைத் திறந்தே வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பகுதிக்குத் தார்ப்பாயில் ஒரு கூடாரம் போட்டிருந்தேன். ராத்திரி படகின்மேல் மின்கம்பளியைப் போர்த்திவிட்டு, மனைவியும் நானும் வெறும் கம்பளியில் படுத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். புகார் சொல்ல வந்தவர் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் போய், தன் வீட்டு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம்.

உங்களிடம் ஒரு குறையும் சொல்லியாக வேண்டும், நன்றி மடல்தானே என்று மறைக்கக் கூடாது. உங்கள் படங்களில் தேய்க்கும் வேலை மிகச் சுலபமாகத் தெரிகிறது. உப்புத்தாளை வைத்துக்கொண்டு ஒருவர் சிரித்த முகமாக நிற்கலாம், படத்தில். நேரில் முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, இறுகிய எபாக்சியைத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப்போனது. கையுறை இல்லாமல் தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிறகு போகாது. செலவும் அப்படித்தான். பிளைவுட் பாதிச் செலவுகூட இல்லை. பாயும் கயிறும் பாய்மரமும் மீதியைச் சாப்பிட்டுவிடும். வீட்டில் கட்டினால் சும்மா வரும் என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம். இதை என் ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இனி கயிறு. இரண்டு உடல்களும் முடிந்தபிறகு, மூன்று உத்தரங்களையும் அவற்றோடு இணைக்கும் தாளைப் பிரித்தேன். போல்ட் எங்கே என்று தேடினேன். இல்லை. எல்லாம் கயிற்றால் வரிந்து கட்டுவது. பல சுற்றுச் சுற்றி, பிறகு அந்தச் சுற்றுகளுக்குக் குறுக்கே இன்னும் சில சுற்றுப் போட்டு நெருக்கினால் கயிறு கம்பியாக விறைத்துக்கொள்கிறது. காரணம் எளிது. இரண்டு உடல்களும் ஒரே அலையில் ஏறுவதில்லை. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். அந்த முறுக்கு முழுவதும் போல்ட் துளையில் போய் விழுந்தால் துளை அகன்று மரம் கிழிகிறது. கயிறு அதே பளுவை எல்லாச் சுற்றுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. கொஞ்சம் அசைய விட்டு, உடைய விடாமல் பிடிக்கிறது. தேவைப்பட்டால் அவிழ்த்து, துண்டு துண்டாக டிரெய்லரில் ஏற்றிக்கொள்ளலாம்.

நம் சோழமண்டலக் கரையில் மீனவர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் உலரப் போட்டதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ஊறிய மரம் காய வேண்டும், மறுநாள் மறுபடியும் வரிந்து கட்ட வேண்டும். உங்கள் படகின் பூர்வீகம் பாலினீசியா, எங்கள் கரை இல்லை. அதில் எனக்குச் சந்தேகமில்லை, உரிமை கொண்டாடவும் வரவில்லை. கடலோடு மல்லுக்கு நிற்காமல் கொஞ்சம் இளக்கம் கொடுத்துப் போக வேண்டும் என்று இரண்டு கரைக்காரர்களும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு சின்னப் படகு தாங்குமா என்று கேட்பவர்களுக்கு நான் ரோரி மெக்டூகல் கதையைச் சொல்வேன். என்னுடையதைப் போன்ற அதே டீக்கி 21-ஐத் தானே கட்டி, 1991-ல் கிளம்பி 1997-க்குள் உலகையே சுற்றிவந்தார். நான் பிளிமத் வளைகுடாவையும் டேமர் ஆற்றையும் தாண்டி அதிகம் போவதில்லை. எனக்கு அது போதும்.

போன முறை ஊருக்குப் போனபோது உங்கள் தாள்களில் இரண்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். வீட்டில் வாசக்கால் மாற்ற ஒரு ஆசாரி வந்திருந்தார். ஐம்பது வருஷத் தொழில்காரர், ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. தாளைத் திண்ணையில் விரித்துக் காட்டினேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். விரலால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“ஏனுங் தம்பி, இந்த மூலைக்கு ஆணியே இல்லீங்களா? பசை மட்டுந்தானா?”

“பசை மட்டுந்தானுங்ணா.”

அடுத்த படத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். வரிசை தவறாமல் எதன்பின் எது என்று அவருக்கு எல்லாம் புரிந்தது. நிமிர்ந்து சொன்னார்: “இதை வரைஞ்சவரு கையில வேலை செஞ்சவருங்க. இல்லாட்டி வேலை பண்றவன் நிக்கிற பக்கத்திலிருந்து பார்த்துப் படம் போட்டிருக்க மாட்டாரு.”

“அவரு இல்லீங்ணா, அந்தம்மா” என்றேன். புருவத்தைத் தூக்கிவிட்டு மறுபடியும் குனிந்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

அம்மா, உங்கள் வேலைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசக்காலுக்குப் பொளி போட்டேன். ‘நீங்க எதுக்குங் தம்பி’ என்று முதலில் தடுத்தார். உளி பிடித்த விதத்தைப் பார்த்தபிறகு தடுக்கவில்லை. கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். என் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பழைய சட்டத்தையும் சொல்லவில்லை.

கடைசியாக, நீங்கள் பட்ட கடனை நீங்கள் தீர்த்த விதம். பாலினீசிய மூதாதையரிடம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று டிகோபியா தீவின் பழைய படகு ஒன்றின் உடல்வடிவை ஒட்டி ஒரு படகை வரைந்தீர்கள். பிலிப்பைன்ஸில் அப்படி இரண்டு கட்டி, 2008-ல் புறப்பட்டு, பாய் பலத்திலேயே சுமார் 4,000 கடல்மைல் போய், 2009-ல் ஒன்றை டிகோபியாவுக்கும் இன்னொன்றை அனூட்டா தீவுக்கும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அந்தப் பயணத்தில் வார்ரமுக்கு வயது எண்பது. 2021 டிசம்பரில் அவர் போய்விட்டார். நீங்கள் இன்னும் வரைபலகையை விடவில்லை.

உங்களைப்போல ஒரு படகைக் கட்டிக் கொடுக்க எனக்கு வசதியில்லை. உங்கள் திட்டத் தாளைப் படியெடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஒரு திட்டத்துக்கு ஒரு படகு என்பது உங்களோடு செய்த ஒப்பந்தம். என்னிடம் இருப்பவை கிளாம்புகள், ஒரு வளையும் சட்டம், ஒரு மின்கம்பளி, காலியான கராஜ். எங்கள் தெருவில் பள்ளி முடித்த ஒரு பெண் சின்னப் படகு ஒன்று கட்ட ஆசைப்படுகிறாள்; இந்த மாதத்திலிருந்து கராஜ் அவளுக்கு. முதல் நாள் ஆணி அடித்துச் சட்டத்தை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். ‘மூணாவது ஆணி தள்ளியிருக்கு’ என்றாள். தள்ளித்தான் இருந்தது.

தமிழ் படிக்கும் நண்பர்களுக்கு: ‘நமக்கு அதெல்லாம் வராது’ என்று நம் வீடுகளில் சொல்வது பழக்கதோஷம். யாராவது ஒருவர் பொறுமையாகக் கோடு போட்டுக் காட்டினால் வரும். எனக்குக் காட்டியவர் பெயர் ஹன்னெகா பூன். டச்சுக்காரர்.


கரூரில் பிறந்து பிளிமத்தில் படகு கட்டிய ஒருவன்